லயத்து அடுப்பும் இல்லத்து நலமும்

திருக்குறளிலே மருந்து என்னும் அதிகாரத்தை விரித்துப் படிப்போர் ஒன்றைக் கண்டு வியப்புறுவர். அங்கே வள்ளுவர் பெரிதும் பேசுவது மருந்தைப் பற்றியன்று. உண்ணும் முறையைப் பற்றியே. நோய் வந்தபின் வைத்தியனை நாடுவதிலும், அது வாராதவாறு அடுக்களையிலே காத்துக்கொள்வது மேல் என்னும் கருத்து அவ்வதிகாரத்தின் அடிநாதமாக உள்ளது. இக்காலத்தே சுற்றுச்சூழல் என்றும் பசுமை வாழ்வு என்றும் பேசப்படுவனவற்றுட் பல, உற்று நோக்கின், அடுப்பையும் நீரையும் முற்றத்து மண்ணையும் பற்றிய பழைய கேள்விகளே. அக்கேள்விகளை மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்து இல்லமொன்றில் வைத்து ஆராய்வது பயனுடையதாகும்.

நுவரெலியாவிலிருந்து கந்தப்பளை வழியாக உடப்புசல்லாவை செல்லும் பாதையில், வலப்பனைப் பிரதேசத்துள் அமைந்தது ராகலை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நானுஓயாவிலிருந்து இவ்வூர்வரை குறும்பாதைப் புகையிரதம் ஒன்று தேயிலைப் பெட்டிகளைச் சுமந்து ஓடியது. 1940களில் அது நின்றுபோயிற்று. ஐயாயிரம் அடிக்கு மேற்பட்ட உயரம். ஆண்டின் பெரும்பகுதி குளிர். இக்குளிரை மனத்திற் கொள்ளாது இவ்வூர் இல்லங்களின் சுகாதாரத்தைப் பற்றிப் பேசுவோர் பேச்சு பெரும்பாலும் வீண்பேச்சாகவே முடிகின்றது.

தோட்டத்து லயத்தின் அமைப்பு யாவரும் அறிந்ததே. ஒரே நீண்ட தகரக் கூரையின் கீழ் வரிசையாகக் காம்பராக்கள். முன்னே ஒரு சிறு இஸ்தோப்பு. பழைய இரட்டை லயங்களிற் காம்பராக்கள் முதுகோடு முதுகு ஒட்டி நிற்பதால் பின்புறத்தே சாளரம் வைக்கவும் இடமில்லை. குடும்பம் பெருகியபோது இஸ்தோப்பின் ஒரு பகுதி மறைக்கப்பட்டுக் குசினியாயிற்று. உறங்கும் இடத்துக்கும் அடுப்புக்கும் இடையே பல வீடுகளில் நான்கைந்து முழ இடைவெளியே உண்டு.

இனி அடுப்பை நோக்குவோம். மூன்று கல் அடுப்பு எளிமையானது, செலவற்றது. ஆனால் அதில் எரியும் விறகின் வெப்பத்திற் சிறு பங்கே பானையைச் சேர்கின்றது. எஞ்சியது நாற்புறமும் சிதறுகின்றது. தோட்டத்து அடுப்பிற் பெரும்பாலும் எரிவது கவ்வாத்து வெட்டிய மிலாறும், நிழல் மரக் கிளைகளும், யூக்கலிப்டஸ் விறகும் ஆகும். வெட்டிய உடனே கொண்டுவரப்படும் பச்சை விறகில் ஏறக்குறையப் பாதி எடை நீராகும். அந்நீர் ஆவியாகிப் போவதற்கு வேண்டிய வெப்பத்தையும் அவ்விறகே கொடுத்தாக வேண்டும். விறகின் ஆற்றலில் ஏழிலொரு பங்கு இவ்வாறே கழிகின்றது. இவ்விழப்பிலும் கொடியது மற்றொன்று. நீராவி தீயைக் குளிர்விக்கிறது. குளிர்ந்த தீயில் விறகு முற்றாக எரிவதில்லை. முற்றாக எரியாதனவே புகையாக எழுகின்றன.

அப்புகையிற் கண்ணை எரிக்கும் பொருள்கள் மாத்திரமல்ல, காபனோரொட்சைட்டும், தலைமயிரின் தடிப்பில் இருபதிலொரு பங்குக்கும் குறைந்த நுண்துகள்களும் உள்ளன. இத்துகள்கள் மூக்கிலும் தொண்டையிலும் தங்குவதில்லை. நுரையீரலின் அடிச்சிற்றறைகள்வரை செல்லும். 2021ஆம் ஆண்டு உலக சுகாதார நிறுவனம் வகுத்த அளவுப்படி, ஒரு கனமீற்றர் வளியில் இந்நுண்துகள் ஆண்டுச் சராசரியாக 5 மைக்கிரோகிராமுக்கு மேற்படலாகாது. திறந்த அடுப்புள்ள குசினிகளில் சமையல் வேளையில் அது பல நூறு மைக்கிரோகிராம்வரை ஏறுவதைப் பல நாடுகளின் அளவீடுகள் காட்டியுள்ளன. வீட்டுப் புகையினால் 2020ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 32 இலட்சம் பேர் மாண்டனர் என்பது அந்நிறுவனத்தின் மதிப்பீடு. சிறு குழந்தைகளுக்கு நிமோனியா வரும் வாய்ப்பை அப்புகை ஏறக்குறைய இருமடங்காக்குகின்றது. முதியோர்க்கு நாட்பட்ட மூச்சுத்தடை நோயையும் கண்புரையையும் கொணர்கின்றது. புகைத்தலை அறியாத மூதாட்டியர் பலர் புகைப்பவர் போல் இருமுவதன் காரணம் இதிலிருந்து விளங்கும். அடுப்படியில் நிற்பவள் தாய். அவள் முதுகிலோ மடியிலோ குழந்தை.

இத்துணைத் தீங்கு உண்டெனின் அடுப்பை விட்டொழித்தால் என்ன என்று வினவுவோர் உளர். விட்டொழிக்க முடியாமைக்குக் காரணம் அறியாமை மாத்திரமன்று. அடுப்பு உணவை மட்டும் சமைப்பதன்று; ஈரத்துணியை உலர்த்துகின்றது, மேற்பரணில் வைத்த விறகைக் காய்ச்சுகின்றது, கொழுந்து மலையில் மழையில் நனைந்து வந்தவளின் கைகளுக்குச் சூடு தருகின்றது. வாயு அடுப்பில் இவை கிடையா. மேலும் 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியிலே வாயுவும் மண்ணெண்ணெயும் கிடைக்காது நகரத்து மாடிவீடுகளிலும் விறகடுப்பு மூண்டதைக் கண்டோர், தோட்டத்துப் பெண்கள் விறகைக் கைவிடாததற்கு அவர்களைக் குறைகூறார். அங்கே எரிபொருட்செலவு அரிசிச் செலவோடு போட்டியிடுகின்றது. ஆகவே ஆராய வேண்டுவது விறகை ஒழிக்கும் வழியை அன்று; அதனை நன்றாக எரிக்கும் வழியையே.

இலங்கையிலே அதற்கு நல்ல விடையொன்று முன்னரே உண்டு. 1980களின் நடுப்பகுதியில் உருவாக்கப்பட்ட ‘அனகி’ என்னும் சுடுமண் அடுப்பே அது. சிங்களத்திலே அச்சொல் விலைமதிப்பற்றது என்னும் பொருள் தரும். இரண்டு பானைகளை ஒரே தீயில் வைக்கலாம். முதற் பானையைச் சூடாக்கிய தீ, இடைக்குழாய் வழியே இரண்டாவது பானைக்குச் செல்லும். குயவர் கையாலே வனையப்படுவது; வீட்டிற் பொருத்தும்போது சுற்றிலும் களிமண் பூச வேண்டும். அப்பூச்சை விட்டுவிட்டு வெறும் ஓட்டை மட்டும் தரையில் வைத்து எரித்தால் வெப்பம் பக்கங்களால் வெளியேறும், ஓடும் விரைவில் வெடிக்கும். பானை அடுப்பின் வாயோடு பொருந்தி அமர்வதும் முக்கியம். ஒழுங்காகப் பொருத்திய அடுப்பு மூன்று கல் அடுப்பிலும் கணிசமாகக் குறைந்த விறகிலே சமையலை முடிக்கும். ஆயினும் இதனைப் புகையற்ற அடுப்பு என்று சொல்வது பொருந்தாது. புகை குறைந்த அடுப்பு என்பதே தகும். எஞ்சிய புகையை வெளியேற்றப் புகைக்கூடு வேண்டும். அதற்கும் வசதி இல்லையெனின் அடுப்புக்கு மேலே கூரையோரத்தில் ஒரு தகட்டை உயர்த்தி வழிவிடுதல் ஓரளவு உதவும்.

காசு செலவில்லாத மாற்றமொன்றும் உண்டு. அது விறகை உலர்த்துதல். உடப்புசல்லாவைப் பக்கத்து மலைகளுக்கு வடகீழ்ப் பருவக்காற்றே பெருமழை தருவது. ஆடி, ஆவணி மாதங்களில் மேற்குக்காற்று மலையைத் தாண்டி வறண்ட காற்றாக இறங்கும். தேயிலைக்கு அருமையான மணம் ஊட்டுவது அக்காற்றே என்பர் தேயிலை அறிந்தோர். அதே காற்று பிளந்து அடுக்கிய விறகையும் உலர்த்திவிடும். அப்பொழுது சேர்த்து மேலே தகரமிட்டு வைத்த விறகு மார்கழி மழைக்கு உதவும். விறகை முழுக்கட்டையாக வையாது பிளந்து வைத்தல், பானையை மூடிச் சமைத்தல், பயறு கடலைகளை முதல்நாள் இரவே ஊறவைத்தல் ஆகிய இவை யாவும் புகை எழும் நேரத்தைக் குறைப்பனவே.

ஈர விறகு பற்றாதபோது பொலித்தீன் துண்டையோ பழைய இறப்பர்ச் செருப்பையோ இட்டுத் தீ மூட்டும் வழக்கம் சில வீடுகளிற் புகுந்துள்ளது. இது விறகுப் புகையிலும் நச்சுத்தன்மை வாய்ந்தது, உடனே நிறுத்தற்குரியது. காய்ந்த மிலாற்றுக் குச்சிகளைச் சிறு கட்டாகக் கட்டிப் பரணில் வைத்தாலே போதும்.

அடுப்பிலிருந்து உணவுக்கு வருவோம். 1942இற் பர்மா அரிசி தடைப்பட்டபோது பங்கீட்டில் வந்த கோதுமை மா, போர் முடிந்தபின்னும் தோட்டத்தை விட்டு அகலவில்லை. விடியற்காலைப் பெரட்டுக்கு ஓடும் பெண்ணுக்கு ரொட்டியே விரைவிற் சுடக்கூடியது. மலைக்குக் கட்டிச்செல்லவும் ஏற்றது. அதனைப் பழிப்பதற்கு இடமில்லை. ஆனால் ரொட்டியும் சம்பலும் தேநீரும் மட்டுமே உணவாகும்போது குறை புலப்படுகின்றது. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார அளவையின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுள் வயதுக்கேற்ற உயரமற்றோர் நாடு முழுவதிலும் 17.3 வீதம், தோட்டப்பகுதியில் 31.7 வீதம். மூன்றிலொரு குழந்தை என்பது சிறு செய்தியன்று.

இங்கே தேநீரைப் பற்றி ஒன்று கூற வேண்டும். தேயிலையிலுள்ள துவர்ப்புப் பொருள்கள் தானியத்திலும் கீரையிலும் உள்ள இரும்புச்சத்தோடு கூடி, குடல் அதனை உறிஞ்சாதவாறு தடுக்கின்றன. உணவோடு தேநீர் அருந்தினால் அவ்வுறிஞ்சல் பாதிக்கு மேலும் குறையக்கூடும். தேயிலையைப் பறித்து உலகுக்கு வழங்கும் பெண்ணே சோகை கொண்டு வெளுப்பதில் அத்தேநீருக்கும் ஒரு பங்கு உண்டு. அதனை விட வேண்டியதில்லை; உணவுக்கும் தேநீருக்கும் இடையே ஒரு மணி நேரம் விட்டால் பெருந்தீமை விலகும். சம்பலில் தேசிக்காய்ப் புளி சேர்த்தலும் நன்று. அதிலுள்ள உயிர்ச்சத்து சி இரும்புச்சத்தை உடலிற் சேர்க்கும். கோதுமை மாவிற் கால்பங்கு குரக்கன் மாவைக் கலந்து ரொட்டி சுடுவதும் எளிது. நூறு கிராம் குரக்கனில் 300 மில்லிகிராமுக்கு மேல் கல்சியம் உண்டு. தானியங்களுள் வேறெதுவும் அதனை நெருங்காது.

கீரைக்கும் மரக்கறிக்கும் ராகலையிற் பஞ்சம் என்றால் வெளியூரார் நம்பார். லீக்ஸும் கரட்டும் கோவாவும் உருளைக்கிழங்கும் லொறி லொறியாகக் கொழும்புக்குச் செல்லும் பிரதேசம் இது. எனினும் விளையும் ஊரிலே அவற்றை விலைகொடுத்து வாங்க வேண்டிய குடும்பங்களுக்கு லயத்து முன்றிலே துணை. நான்கு முழப் பாத்தியில் அரைக்கீரையும் பொன்னாங்காணியும் வல்லாரையும் வளரும். ஓரத்தே சௌசௌக் கொடியொன்று ஏறும். தேயிலை மண் இயல்பாகவே புளிப்பு மிக்கது. தேயிலைக்கு அது உகந்தது, கீரைக்கு உகந்ததன்று. அதனை மாற்றத் தோட்டத்தார் டொலமைட் இடுவர். வீட்டிற்கோ அடுப்புச் சாம்பலே போதும். அது புளிப்பைத் தணிப்பதோடு பொற்றாசியமும் தரும். மிகையாக இடலாகாது, பாத்திக்கு மாதம் ஒரு கைப்பிடி தூவிக் கிளறினால் நலம். ஆனால் பொலித்தீன் எரித்த அடுப்பின் சாம்பலைப் பாத்தியில் இடவே கூடாது. தேயிலைச் சக்கையும் மரக்கறித் தோலும் மாட்டெருவும் கூட்டெருவாகும். குளிரில் அவை மக்கக் கூடுதல் காலம் எடுக்கும் என்பதை அறியாது, எரு கெட்டுவிட்டதென எறிந்துவிடுவோர் பலர். 2021இல் இரசாயன உரத்தின் இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டபோது பெருநிலங்கள் நலிந்தன. பசுமையை ஆணையிட்டு ஓரிரவிற் கொணர முடியாது என்பதற்கு அது சான்று. முன்றிற் பாத்திக்கு அத்தகைய இடர் நேர்வதில்லை.

பாத்தியைச் சரிவுக்குக் குறுக்கே அமைத்தல் வேண்டும். கானை அடைத்துப் பாத்தி போடுதல் ஆபத்து. 2007 ஜனவரியில் வலப்பனையிலும், 2025 நவம்பர் இறுதியில் ‘டித்வா’ சூறாவளியின்போது மலைநாடெங்கும் நிகழ்ந்த மண்சரிவுகளுக்குப் பின், மழைநீர் வழியைத் தடுக்காதிருத்தலும் வீட்டுச் சுகாதாரத்துள் அடங்கும் என்பது தெளிவு. கழிவுநீர் ஓடும் கானருகே வல்லாரையை வளர்த்துப் பச்சையாகச் சம்பல் போடுவதும் தவிர்க்கப்பட வேண்டியதே. 1916ஆம் ஆண்டு மாத்தளைத் தோட்டங்களிற் கொக்கிப்புழு ஒழிப்பு இயக்கம் தொடங்கியபோது, மருந்து கொடுத்தோர் விரைவிற் கண்டது, மலசலகூடமின்றி மருந்து நிலைக்காது என்பதே.

ஒன்று எஞ்சியுள்ளது, அது நிலம். லயத்து மண் குடியிருப்போர்க்கு உரியதன்று. 1972, 1975ஆம் ஆண்டுகளில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிருவாகம் பிராந்தியக் கம்பனிகளுக்குச் சென்றது. எக்கை மாறியபோதும் லயம் லயமாகவே இருந்தது. அண்மைக் காலத்திலே தனிவீட்டுக்கென ஏழு பேர்ச் நிலம் வழங்கும் திட்டம் சில தோட்டங்களில் நடைபெற்றது. ஏழு பேர்ச் ஏறக்குறைய 1,900 சதுர அடி. வீடு போக எஞ்சும் இடத்திற் புகைக்கூட்டுடன் தனிக் குசினியும், கீரைப் பாத்தியும், ஒரு பேரி மரமும் அடங்கும். கீரை ஒரு மாதத்திற் பலன் தருவது. பேரிக்கன்று காய்க்கப் பல ஆண்டுகள் செல்லும். லயத்து முன்றில்களிற் கீரை மிகுந்தும் பழமரம் அருகியும் காணப்படுவது இதனாலேயே.