ஏலத்துக்கு வரும் வீடுகள்: அன்பர்களின் ஐயங்கள்

பிழைப்பை நாடி மும்பைக்கு வந்து, வாடகை வீட்டிலேயே பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கும் நம்மவர்க்கு, கையில் நாலு காசு சேர்ந்ததும் வீட்டின்மேல் நாட்டம் செல்வது இயல்பே. அண்மைக் காலத்தில் அந்நாட்டம் வேறொரு வழியிலும் திரும்பியிருக்கிறது. கடனைக் கட்ட இயலாதவர்களின் வீடுகளை வங்கிகள் ஏலத்தில் விடுகின்றன. அவற்றை மலிவாக எடுத்து, பழுது பார்த்து, வெள்ளையடித்து, நல்ல விலைக்கு விற்றால் என்ன என்று இளைஞர் பலர் நம்மிடம் வினவுகின்றனர். வினவுவோர் பெரும்பாலும் மாதச் சம்பளக்காரர். அவர்கள் போடப்போகும் முதலோ சேமநிதியும் மனைவியின் நகையும். ஆதலின் விடையைச் சற்று விரித்தே கூறுகிறோம்.

இவ்வேலங்கள் 2002ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டத்தின்கீழ் நடைபெறுவன. கடன்பட்டவர்க்கு வங்கி முதலில் 60 நாள் கெடு வைத்து அறிவிப்பு அனுப்புகிறது. அதற்குள் கடன் தீராவிடில் வீட்டைத் தன்வசமாக்கி, நாளிதழ்களில் விளம்பரம் செய்து ஏலம் விடுகிறது. பொதுத்துறை வங்கிகளின் ஏலங்களை 2025 முதல் ‘பேங்க்நெட்’ என்னும் இணையத்தளத்தில் ஒருசேரக் காணலாம்.

“சந்தை விலையினும் குறைவாகக் கிடைப்பது ஏன்?” என்பதே யாவரும் முதலில் கேட்பது. விளம்பரத்தின் அடியில், வீடு ‘உள்ளது உள்ளபடி, உள்ள நிலையில்’ விற்கப்படும் என்றொரு வரி சிறிய எழுத்தில் இருக்கும். வீட்டோடு அதன் வில்லங்கமும் வாங்குபவரைச் சேரும் என்பதே அதன் பொருள். சொசைட்டிக்குச் செலுத்தாத பராமரிப்புத் தொகை, மாநகராட்சி வரி, மின்கட்டணம் ஆகியவை ஆண்டுக்கணக்கில் நின்றிருக்கலாம். பழைய உரிமையாளரின் மின்கட்டண நிலுவையைப் புதியவரிடம் கேட்க விதிகள் இடம் தருமாயின் அது செல்லும் என்று 2023இல் உச்ச நீதிமன்றமே கூறிவிட்டது. எனவே ஏலத்துக்கு முன்பே சொசைட்டி செயலாளரை நேரில் கண்டு நிலுவையை எழுத்தில் பெறுக. அப்படியே காவலாளியிடமும் இரண்டு வார்த்தை பேசுக; மழைக்காலத்தில் எந்தச் சுவர் ஒழுகும் என்பதை வங்கி அதிகாரியைவிட அவர் நன்கறிவார்.

அடுத்தது சுவாதீனம். இதில்தான் புதியவர் பலர் இடறுகின்றனர். வங்கி கதவில் அறிவிப்பை ஒட்டிவிட்டு வருவது அடையாளச் சுவாதீனம். உள்ளே பழைய குடும்பம் வாழ்ந்துகொண்டுதான் இருக்கும். ஆட்களை வெளியேற்றிச் சாவியைக் கையில் வைத்திருப்பது நேரடிச் சுவாதீனம். முன்னதை இரண்டாவதாக மாற்ற வங்கி மாஜிஸ்திரேட்டிடம் மனுச் செய்ய வேண்டும். அது மாதக்கணக்கில் இழுக்கலாம். அதற்கிடையே, தமக்கு அநீதி நேர்ந்ததாகக் கருதும் கடனாளி 45 நாளுக்குள் கடன் மீட்புத் தீர்ப்பாயத்தை அணுகவும் சட்டம் இடமளிக்கிறது. வாடகைக்கு இருப்பவர், அடமானத்துக்கு முன்பே பதிவு செய்த குத்தகை தம்மிடம் உள்ளதென்று கூறினால் சிக்கல் இன்னும் முற்றும். சாவி வங்கியிடம் இல்லாத வீட்டைப் புதியவர் தொடவே வேண்டாம் என்பது நமது கருத்து. பாதி விலைக்குக் கிடைத்தாலும் இதையே சொல்லுவோம்.

பணம் கட்டும் கெடு மிகக் கடுமையானது. ஏலம் முடிந்த அன்றோ அடுத்த வேலை நாளிலோ, முன்பணத்தையும் சேர்த்து விலையில் 25 விழுக்காடு கட்டியாக வேண்டும். எஞ்சிய 75 விழுக்காட்டை, விற்பனை உறுதியான 15 நாளுக்குள் செலுத்த வேண்டும். வங்கி எழுத்துமூலம் இசைந்தால் கெடுவை மூன்று மாதம் வரை நீட்டிக்கலாம். ‘எடுத்தபின் வீட்டுக்கடன் வாங்கிக் கொள்ளலாம்’ என்று இறங்குவது அபாயம். மீதியைக் கட்டத் தவறியவரின் கால்பங்குத் தொகை முழுவதையும் வங்கி பறிமுதல் செய்யலாம் என்று 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. 60 லட்சம் ரூபாய் வீடென்றால் 15 லட்சம் போய்விடும்.

இனி, ஆதாயக் கணக்கு. அந்த 60 லட்சம் ரூபாய் வீட்டையே எடுத்துக்கொள்வோம். மும்பையில் 6 விழுக்காடு முத்திரைத் தீர்வை 3 லட்சத்து 60 ஆயிரம். பதிவுக் கட்டணம் 30 ஆயிரம். நிலுவைகள் ஒன்றரை லட்சம் என்றும், பழுதுபார்க்க 3 லட்சம் என்றும் கொள்வோம். 70 லட்சத்துக்கு விற்றால் தரகு 1 விழுக்காடாக 70 ஆயிரம். ஆக மொத்தம் 69 லட்சத்து 10 ஆயிரம். ‘பத்து லட்சம் இலாபம்’ என்று தேநீர்க் கடையில் பேசிய பேச்சு 90 ஆயிரத்தில் வந்து நிற்கிறது! கைமாற்றுக்குக் கொடுத்த வட்டியை இதில் நாம் சேர்க்கவில்லை. 24 மாதத்துக்குள் விற்றால் அந்த ஆதாயம் சம்பளத்தோடு சேர்த்து வரிக்கு உள்ளாகும். அதற்குமேல் வைத்திருந்து விற்றால் 12.5 விழுக்காடு. ஆகவே, கேட்கும் விலையைச் சந்தை விலையிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு, அந்த எண்ணை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டே ஏலத்தில் அமருக. போட்டி சூடேறும்போது அத்தாள் ஒன்றே துணை. விற்கும் நோக்கம் இன்றித் தாமே குடியிருக்க வாங்குவோர்க்கு இக்கணக்கு இவ்வளவு நெருக்கடியானதன்று. அவர்கள் இரண்டொரு லட்சம் கூடக் கொடுத்தாலும் நட்டமில்லை.

இல்லத்தரசியர் கேட்பது வேறு: “ஒரு குடும்பம் கண்ணீரோடு விட்டுச்சென்ற வீட்டில் விளக்கேற்றலாமா?” இக்கேள்வியை நாம் எளிதாகத் தள்ளிவிட விரும்பவில்லை. ஆனால் ஒன்றை அறிதல் வேண்டும். ஏலத்தொகையில் கடனும் செலவும் போக மிஞ்சுவது, அதற்கு உரிய பிறர் இல்லாதவிடத்து, கடன்பட்டவரையே சேர வேண்டும் என்பது சட்டம். நியாயமான விலை கேட்பவரால் அக்குடும்பத்துக்கும் சிறிது திரும்பும். தரகர் சிலர் தமக்குள் பேசிவைத்துக்கொண்டு விலையை அடிமட்டத்தில் நிறுத்தும்போதுதான் அவர்கள் கைக்கு ஒன்றும் வாராமல் போகிறது. அத்தகைய கூட்டில் பங்குக்கு அழைத்தால், நம் அன்பர்கள் போகாதிருப்பார்களாக.