அப்பெல்தோர்ன் மனநல இல்லமும் கூலியாளைப் பற்றிய வசனமும்

ஆயர் அபிஷேக ஆராதனைகளில் யோவான் 10ஆம் அதிகாரத்தை நாம் அடிக்கடி எடுத்துப் பிரசங்கிக்கிறோம். ஓநாய் வரக்கண்டு ஓடிப்போகிற கூலியாளைக் கண்டிப்பது நமக்கு எளிது. அவ்வாறு கண்டிக்குமுன், நெதர்லாந்து தேசத்தில் நிகழ்ந்த ஒரு சம்பவத்தை இவ்வதிகாரத்தின் அருகே வைத்துப் பார்ப்பது நலம்.

அப்பெல்தோர்ன் நகரத்தை அடுத்த காட்டுப் பகுதியில் 1909ஆம் ஆண்டு யூத மனநோயாளிகளுக்கென ஓர் இல்லம் திறக்கப்பட்டது. மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகளுக்கான ஒரு பிரிவும் பின்னர் அதனோடு சேர்ந்தது. அப்பிரிவுக்கு 'அகிசோமோக்' என்று பெயரிட்டனர். ஆசரிப்புக்கூடாரப் பணியில் பெசலெயேலுக்குத் துணையாக நியமிக்கப்பட்ட அகோலியாபின் தகப்பன் பெயரே அது (யாத். 31:6). எபிரெய மொழியில் அதன் பொருள், 'என் சகோதரன் தாங்குகிறான்' என்பதாகும்.

1943 ஜனவரி 20ஆம் தேதி வெஸ்டர்போர்க் முகாமிலிருந்து யூத ஒழுங்குக் காவலர் அங்கே கொண்டுவரப்பட்டனர். நடக்கப்போவது இன்னதென்று இல்லத்தார் உணர்ந்துகொண்டனர். அன்றிரவு ஊழியரில் பலர் தப்பிச் சென்றனர். நோயாளிகளில் சிலரும் சென்றனர். மறுநாள் இரவு ஜெர்மானியர் இல்லத்தை வளைத்தனர். நோயாளிகளும் பிள்ளைகளுமாக ஏறத்தாழ 1,200 பேர் லாரிகளில் திணிக்கப்பட்டு, ரயில் நிலையத்தில் சரக்கு வண்டிகளில் ஏற்றப்பட்டனர். கடுங்குளிர்காலமாயிருந்தும் பலர் மீது இரவு உடையைத் தவிர வேறு உடையில்லை.

அதிகாரியான பெர்டினாண்ட் அவுஸ் டெர் ஃபுன்டென், நோயாளிகளோடு செல்ல விருப்பமுள்ள ஊழியர் முன்வரலாம் என்றான். போய்த் திரும்பலாம், அல்லது புதியதொரு மருத்துவமனையில் வேலை செய்யலாம் என்பது அவன் கொடுத்த வாக்கு. ஏறத்தாழ இருபது பேர் தாமாகவே முன்வந்தனர்; மேலும் முப்பது பேரை அவனே தெரிந்தெடுத்தான். 22ஆம் தேதி காலையில் புறப்பட்ட ரயில் வண்டி அவுஷ்விட்ஸ் சேர்ந்தது. சென்ற ஊழியரில் ஒருவரும் திரும்பவில்லை.

இங்கே ஓடிப்போனவர்களைக் கூலியாட்கள் எனலாமா? நம் ஆண்டவரின் உவமையில் ஓநாய் ஆட்டைத்தான் பீறுகிறது. கூலியாளைத் தேடி அது வரவில்லை. அப்பெல்தோர்னிலோ செவிலியரும் யூதர். நோயாளியை வேட்டையாடிய அதே சட்டம் அவர்களையும் வேட்டையாடிற்று. தப்பிய செவிலியர் மேய்ப்பரும் அல்லர், கூலியாளும் அல்லர், அவர்களும் ஆடுகளே. ஆகையால் அவர்கள்மீது அவ்வசனத்தைப் பிரயோகிப்பது அநீதியாகும். உடன் சென்றவர்களை நம் பிரசங்கங்களுக்காகக் கிறிஸ்தவ இரத்தசாட்சிகளைப்போல ஆக்கிக்கொள்வதும் தகாது. அவர்கள் யூதராகவே சென்றனர், யூதர் என்பதற்காகவே கொல்லப்பட்டனர்.

அப்படியானால் அவ்வசனம் எவரை நோக்கிப் பேசுகிறது? இதற்கு நாம் ஜெர்மனியில் உள்ள பெத்தேல் என்னும் பெயர்பெற்ற புராட்டஸ்டண்ட் பராமரிப்பு இல்லத்தைப் பார்க்கவேண்டும். மனநோயாளிகளைக் கொல்லும் இரகசியத் திட்டத்தை 1940இல் அறிந்தபோது, அதன் தலைவர் பிரீட்ரிக் ஃபான் போடெல்ஷ்விங் தம் நோயாளிகளைப் பற்றிய படிவங்களை நிரப்ப மறுத்தார். அவருடைய உடன் ஊழியர் பவுல் கெர்ஹார்ட் பிரவுனே அரசுக்கு விண்ணப்பம் எழுதி, ஆகஸ்டில் சிறை சென்றார். இவை மெய்யான துணிவுள்ள செயல்கள். அவற்றைக் குறைத்துப் பேச நமக்கு மனமில்லை.

எனினும், யூத நோயாளிகளைத் தனியே ஒன்றுசேர்க்கும்படி உள்துறை அமைச்சகத்தின் ஆணை வந்தது. உறவினர் சிலர் தம்மவரை அழைத்துச் செல்ல பெத்தேல் வழிசெய்தது. எஞ்சியிருந்த சிலரோ அவ்வாண்டு செப்டம்பரில் வுன்ஸ்டோர்ஃப் இல்லத்திற்கு அனுப்பப்பட்டு, அங்கிருந்து பிராண்டன்பர்க் கொண்டுபோகப்பட்டு, நச்சுவாயுவினால் கொல்லப்பட்டனர். இவ்விதம் கொல்லப்பட்ட யூத நோயாளிகள் போலந்திலுள்ள கோல்ம் மருத்துவமனையில் இறந்ததாகப் பொய்க் கடிதங்கள் எழுதப்பட்டன. இறந்துபோனவர்களுக்குப் பராமரிப்புச் செலவும் வசூலிக்கப்பட்டது.

பெத்தேலின் டீக்கன்களும் டீக்கனஸ்மாரும் யூதரல்லர். ஓநாய் அவர்களைத் தேடி வரவில்லை. மற்ற நோயாளிகளுக்காக 'முடியாது' என்று சொல்லத் துணிந்த இல்லம், இந்தச் சிலருக்காக அதே உறுதியோடு அதைச் சொல்லவில்லை. பெரும்பாலோரைக் காக்கச் சிலரை விட்டுக்கொடுத்தார்கள் என்று நியாயம் கூறுவோர் உண்டு. தொண்ணூற்றொன்பது ஆடுகளை விட்டு ஒன்றைத் தேடிப்போன மேய்ப்பனைப் பற்றிப் போதிக்கும் நாம் அந்த நியாயத்தை எவ்வாறு ஏற்பது என்று நமக்கு விளங்கவில்லை. இனி இவ்வதிகாரத்தை மாணவரோடு வாசிக்கையில், அப்பெல்தோர்னைப் பற்றிப் பேசுமுன் பெத்தேலைப் பற்றிப் பேச எண்ணியிருக்கிறோம்.