கேஸ்கட் மட்டும் மாற்றினால் போதுமா?

உழவின் நடுவே டிராக்டர் கொதிக்கிறது. ரேடியேட்டர் தண்ணீர் வெளியே ஒழுகாமலே குறைகிறது. ஆயிலும் பால் விட்ட டீ போல வெளுத்திருந்தால் எஞ்சினை உடனே நிறுத்துங்கள். ஹெட் கேஸ்கட் போயிருக்க வாய்ப்பு அதிகம்.

புது கேஸ்கட் போட்ட சில நாளிலேயே மறுபடி போய், இரட்டைச் செலவு வைப்பதும் உண்டு. காரணம், சூட்டில் ஹெட் வளைந்திருக்கும். மட்டம் வைத்து, இடுக்கில் ஃபீலர் கேஜ் நுழைகிறதா என்று பார்த்து, அளவுக்கு மேல் வளைந்திருந்தால் ஃபேசிங் கொடுக்க வேண்டும். அடைத்த ரேடியேட்டர், தளர்ந்த ஃபேன் பெல்ட் என எது கொதிக்க வைத்ததோ அதையும் சரிசெய்ய வேண்டும். ஹெட் போல்ட்டுகளை கம்பெனி சொன்ன வரிசையில், படிப்படியாக, டார்க் ரெஞ்ச் கொண்டே முறுக்க வேண்டும். கைக்கணக்கு இங்கே எடுபடாது.

நிலம் கைகொடுக்காமல் மெக்கானிக் வேலைக்கு மாற நினைப்பவர்கள் கற்க வேண்டியதும் இதுதான். ஐ.டி.ஐ.யில் மெக்கானிக் டீசல் 1 வருடப் பயிற்சி; 10-ம் வகுப்பு தேர்ச்சி வேண்டும். சேருமுன், கழற்றிப் பூட்டிப் பழக எஞ்சின் இருக்கிறதா என்று நேரில் பார்த்துவிடுங்கள்.