கோவையிலிருந்து எட்டாத் தொலைவில்: மார்மன் ஆலயங்களின் கதை

பொதுவாக மார்மன் என்று அறியப்படும் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபைக்கு வழிபாட்டு இடங்கள் இரண்டு வகை. ஞாயிறுதோறும் கூடும் சபைக் கூடத்துக்குள் யார் வேண்டுமானாலும் போய் உட்காரலாம். ஆலயம் அப்படியல்ல. ஞாயிறன்று அது மூடியிருக்கும். மற்ற நாட்களிலும், சபைத் தலைவர்களிடம் தகுதிச் சீட்டு பெற்ற உறுப்பினர்களே உள்ளே போக முடியும்.

கணவன், மனைவி, பிள்ளைகள் ஆகியோரை மரணத்துக்கு அப்பாலும் பிரியாமல் இணைக்கும் சடங்கு ஆலயத்தில்தான் நடக்கும். இறந்துபோன முன்னோருக்காக உயிரோடிருப்பவர் பதிலாக நின்று ஞானஸ்நானம் பெறுவதும் அங்கேதான். அதற்கான தொட்டியைப் பன்னிரண்டு காளைச் சிலைகள் தாங்கி நிற்கும். பவானி கூடுதுறையில் மூத்தோருக்குத் திதி கொடுக்கும் கொங்கு நாட்டுக் குடும்பங்களுக்கு இந்த அக்கறை அந்நியமாகத் தோன்றாது. ஒரு வேறுபாடு உண்டு: அந்த ஞானஸ்நானத்தை ஏற்பதும் மறுப்பதும் மறுமையில் இருக்கும் அந்த ஆன்மாவின் விருப்பம் என்கிறது இந்தச் சமயம்.

சமயம் தொடங்கியது அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில். பால்மைரா ஊரருகே ஒரு தோப்பில் 1820-இல் தனக்கு இறைக்காட்சி கிடைத்ததாக ஜோசப் ஸ்மித் என்ற விவசாயி மகன் சொன்னார். அந்தத் தோப்பும், சபையின் வேதநூலான மார்மன் புத்தகம் 1830-இல் அச்சான அச்சகமும் இன்று யாத்திரைத் தலங்கள். அதே ஆண்டு ஏப்ரல் 6-ஆம் தேதி ஃபயெட் என்ற இடத்தில் சபை முறையாக அமைந்தது.

முதல் ஆலயம் ஓஹையோ மாநிலத்துக் கர்ட்லாண்டில் 1836-இல் எழுந்தது. வறுமையிலிருந்த மக்கள் தம் உழைப்பைக் கொட்டிக் கட்டிய அதை, இரண்டே ஆண்டுகளில் கடனும் பகையும் விட்டுப் போக வைத்தன. பின்னாளில் அது இதே மரபின் வேறொரு பிரிவின் கைக்குப் போனது. 2024-இல்தான், நாவூ நகரின் சில வரலாற்றுக் கட்டடங்கள் உள்ளிட்ட சொத்துகளோடு சேர்த்து, 19 கோடி டாலருக்கும் மேல் கொடுத்து சபை அதைத் திரும்பப் பெற்றது.

அவர்கள் பிறகு குடியேறிய, இல்லினாய்ஸ் மாநிலத்தில் மிசிசிப்பி ஆற்றங்கரையில் உள்ள நாவூவின் கதை இன்னும் துயரமானது. அங்கே ஆலயப் பணி நடந்துகொண்டிருந்தபோதே, 1844 ஜூன் 27 அன்று, கார்த்தேஜ் சிறைக்குள் புகுந்த கும்பல் ஜோசப் ஸ்மித்தையும் அவருடைய அண்ணனையும் சுட்டுக் கொன்றது. ஊரை விட்டுப் போவது உறுதியான பிறகும் மக்கள் வேலையை நிறுத்தவில்லை. ஆலயச் சடங்குகளை முடித்துக்கொண்டு கிளம்ப வேண்டும் என்பதற்காக இரவு பகலாக உள்ளே கூடினார்கள். 1846-இல் அவர்கள் வெளியேறினார்கள். 1848-இல் ஆலயத்துக்குத் தீ வைக்கப்பட்டது. எஞ்சிய சுவரைச் சூறாவளி சாய்த்தது. பழைய தோற்றத்திலேயே அது மறுபடி கட்டப்பட்டு 2002-இல் அர்ப்பணிக்கப்பட்டது.

அப்படி வெளியேறி மேற்கே நடந்தவர்கள் 1847 ஜூலையில் சால்ட் லேக் பள்ளத்தாக்கை அடைந்தார்கள். அங்கே 1853 ஏப்ரல் 6 அன்று அடிக்கல் நாட்டப்பட்ட ஆலயம் முடிய 40 ஆண்டுகள் பிடித்தன. மலை இடுக்கிலிருந்து பெரும் பாறைகளை முதலில் மாட்டு வண்டியிலும் பின்னர் ரயிலிலும் கொண்டுவந்தார்கள். ஆறு கோபுரங்கள் கொண்ட அந்தக் கட்டடமே இன்று இச்சமயத்தின் அடையாளம். நிலநடுக்கத்தைத் தாங்கும்படி பலப்படுத்துவதற்காக 2019 இறுதியில் அதை மூடினார்கள்.

அடிக்கல் நாட்டிய அதே 1853-இல் ரிச்சர்ட் பாலண்டைன் சமயம் பரப்பும் ஊழியராகச் சென்னையில் வந்திறங்கினார். சால்ட் லேக் நகரில் சபையின் முதல் ஞாயிறு பள்ளியை 1849-இல் தொடங்கியவர் இவர். சென்னையில் பத்திரிகை நடத்தியும் பிரசங்கம் செய்தும் ஓராண்டு உழைத்தார். பலன் மிகக் குறைவு. அவரை இந்தியாவுக்கு அனுப்பத் தீர்மானித்த 1852 ஆகஸ்ட் மாநாட்டில்தான் சபை பலதார மணத்தையும் பகிரங்கமாக அறிவித்திருந்தது. அதனால் எழுந்த வெறுப்பு ஊழியர்களுக்குப் பெரும் தடையானது. அவர்கள் பேச்சு பெரும்பாலும் ஐரோப்பியரையும் படைவீரரையும் சுற்றியே நின்றதும் ஒரு காரணம். 1850-களின் நடுவிலேயே அந்த முயற்சி அடங்கிவிட்டது. பலதார மணத்தைச் சபை 1890-இல் கைவிட்டது.

தமிழ் மண்ணில் சபை மறுபடி வேர் விட்டது கோயம்புத்தூரில். இம்முறை கடல் கடந்து ஆள் வரவில்லை. பால் திருத்துவதாஸ் என்ற கோவைக்காரர் 1954-இல் கையில் கிடைத்த ஒரு சிறு பிரசுரத்தைப் படித்துவிட்டுத் தாமாகவே சபைக்குக் கடிதம் எழுதினார். ஞானஸ்நானம் பெற 1965 வரை காத்திருந்தார். அருகில் ஊழியரோ கூடமோ இல்லாத அந்தக் காலத்தில் ஒருவர் இத்தனை ஆண்டுகள் பிடியை விடாமல் நின்றது, பல பெரிய கட்டடங்களைவிட மதிப்பு வாய்ந்த வரலாறு. மார்மன் புத்தகத்தின் தேர்ந்தெடுத்த பகுதிகள் தமிழில் வந்தது 1982-இல்.

சபைக் கூடங்கள் வந்த பிறகும் ஆலயம் எட்டவில்லை. 1996-இல் ஹாங்காங் ஆலயம் திறந்ததும் இந்தியர்கள் அங்கே போகத் தொடங்கினார்கள். பாஸ்போர்ட், விமானக் கட்டணம், விடுப்பு என்று எல்லாம் சேர்ந்தால் ஒரு குடும்பத்தின் பல ஆண்டுச் சேமிப்பு கரைந்துவிடும். குடும்பமாகச் சேர்ந்து போனால்தான் அந்தச் சடங்குக்கே பொருள் என்பதால், ஒருவரை மட்டும் அனுப்பி மற்றவர்கள் இருந்துவிடவும் முடியாது.

இந்தியாவுக்கு முதல் ஆலயம் பெங்களூரில் அமையும் என்று 2018 ஏப்ரலில் அப்போதைய சபைத் தலைவர் ரசல் நெல்சன் அறிவித்தார். 2020 டிசம்பர் 2 அன்று பூமி பூசைக்கு ஒப்பான மண்வெட்டும் சடங்கு நடந்தது. இரண்டு மாடி ஆலயத்தோடு அதே வளாகத்தில் சபைக் கூடம், அலுவலகம், தூரத்திலிருந்து வருவோர் தங்கும் இடம் ஆகியவையும் திட்டத்தில் இடம்பெற்றன. எந்த ஆலயமும் கட்டி முடிந்து அர்ப்பணிக்கப்படுவதற்கு முன் சில வாரங்கள் எல்லா மதத்தாருக்கும் திறந்துவிடப்படும். சடங்கு அறைகள், காளைகள் தாங்கும் தொட்டி உட்பட உள்ளே உள்ளவற்றைப் பொதுமக்கள் பார்க்க அதுவே வாய்ப்பு. அர்ப்பணிப்பு முடிந்தால் வெளியாருக்குத் தோட்டமும் வெளிச்சுவரும் மட்டுமே.