கடை திறக்குமுன் பெயர்

பொன்முகலி ஆற்றங்கரையிலுள்ள காளஹஸ்தியில் ஒரு கலம்காரித் துணி உருவாக வாரக்கணக்கில் ஆகும். கடுக்காயும் பாலும் சேர்ந்த நீரில் துணியை ஊறவைத்து, மூங்கில் எழுதுகோலால் வரைந்து, படிகாரம் பூசி, நிறந்தோறும் அலசுகின்றனர். இதனை இணையத்தில் விற்க முனைவோர் பெரும்பாலும் வலைத்தள வடிவமைப்பிலிருந்தே தொடங்குகின்றனர். முதலில் தேவைப்படுவது பெயருக்கான சான்று. அச்சுத் துணிகளும் கலம்காரி என்றே மலிவாக விற்கப்படுகின்றன. ஸ்ரீகாளஹஸ்தி கலம்காரி புவிசார் குறியீடு பெற்றது. 1999ஆம் ஆண்டுச் சட்டப்படி, அதனை உருவாக்குவோர் அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகப் பதிவுபெற விண்ணப்பிக்கலாம். பதிவகம் சென்னையில் உள்ளது.

அடுத்தது உத்யம் பதிவு. இதற்குக் கட்டணமே இல்லை. எவரேனும் கேட்டால் கொடுக்காதீர்கள். பதிவிலுள்ள தொழிற்பெயரிலேயே நடப்புக் கணக்கும் இருக்கட்டும். வீட்டுச் செலவு அதில் கலக்க வேண்டாம். சரக்கு, சேவை வரிப் பதிவு குறித்துக் கணக்காளரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

விற்ற அன்றே பணம் கைக்கு வருவதில்லை. விற்பனைத் தளங்கள் தம் கழிவைப் பிடித்துக்கொண்டு, சில நாள்கள் கழித்தே வரவு வைக்கின்றன. அதுவரை துணிக்கும் கூலிக்கும் கையிருப்பு வேண்டும். திரும்பி வரும் துணியின் அஞ்சற்செலவையும் விலையில் கணக்கிடுங்கள். இயற்கைச் சாயம் துணிக்குத் துணி சற்று மாறுபடும். பகலொளியில் எடுத்த படத்தின் கீழேயே அதனை எழுதிவிடுங்கள்.