கப்பலோட்டிகள் கேட்ட கணக்கு

எஸ்டிபிஎம் தேர்வு நெருங்கும்போது வானொலிக்கு அழைக்கும் மாணவர்கள் அடிக்கடி சொல்வது இது: "எனக்குக் கணக்கு வராதுக்கா!"

அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஒரு கணக்குதான் ஞாபகம் வரும். சீகண்ட் எக்ஸுக்கு இண்டகிரேஷன் காண்பது.

ஆறாம் படிவத்தில் ஆசிரியர் அதை இரண்டே வரியில் முடித்தார். சீகண்டையும் டேன்ஜெண்டையும் கூட்டி, அதையே மேலும் கீழும் வைத்துப் பெருக்கினார். உடனே மேலே இருப்பது, கீழே இருப்பதன் வகைக்கெழுவாக மாறிவிட்டது. அந்தக் கூட்டுத்தொகையின் லோகரிதம்தான் விடை.

"இப்படிப் பெருக்கணும்னு எப்படி சார் தோணும்?" என்று கேட்டேன்.

"மனப்பாடம் பண்ணிக்கம்மா" என்றார்.

அந்தப் பதில் உறுத்தியது. தோன்றுகிறவர்களுக்குத்தான் கணிதம் என்றால், தோன்றாதவர்கள் என்ன செய்வது?

எனக்குத் தெரிந்ததை வைத்தே முயன்று பார்க்க உட்கார்ந்தேன். பகுதி பகுதியாகத் தொகுக்கும் முறை கணக்கை இன்னும் பெரிதாக்கியது. இரண்டாம் நாள் இரவு, சீகண்டை ஒன்றின் கீழ் கோசைன் என்று எழுதி, மேலும் கீழும் கோசைனால் பெருக்கினேன். கீழே கோசைன் வர்க்கம் வந்தது. அது ஒன்றிலிருந்து சைன் வர்க்கத்தைக் கழித்தால் வருவதுதானே? சைனுக்கு 'யு' என்று பெயர் வைத்தேன். மிஞ்சியது ஒரு சாதாரணப் பின்னம். அதை இரண்டாக உடைத்தால் இரண்டு லோகரிதங்கள்! சுருக்கிப் பார்த்தபோது ஆசிரியரின் விடையே வந்து நின்றது. மந்திரம் எதுவும் தேவைப்படவில்லை.

ஊடகத் துறையில் பட்டம் படிக்கும்போதுதான், ஒருநாள் நூலகத்தில் இதன் பின்கதை கிடைத்தது. 1569இல் மெர்காட்டர் உலக வரைபடம் வரைந்தார். ஒரே திசையில் செல்லும் கப்பலின் பாதை அதில் நேர்கோடாக இருக்கும். அதற்காக, துருவத்தை நோக்கிப் போகப் போக வரைபடத்தை நீட்ட வேண்டும். எவ்வளவு? அந்த அட்சரேகையின் சீகண்ட் அளவு. 60 பாகையில் சரியாக இரண்டு மடங்கு.

அந்த நீட்சிகளையெல்லாம் கூட்டினால் வருவதுதான் இந்த இண்டகிரேஷன். எட்வர்ட் ரைட் அதைச் சிறு சிறு துண்டுகளாகக் கையால் கூட்டி, 1599இல் அட்டவணையாக வெளியிட்டார். 1640களில் ஹென்றி பாண்ட், அந்த எண்கள் டேன்ஜெண்ட் லோகரிதம் அட்டவணையோடு ஒத்துப்போவதைக் கவனித்தார். ஆனால் ஏன் என்று அவரால் விளக்க முடியவில்லை. 1668இல்தான் ஜேம்ஸ் கிரெகரி நிரூபித்தார். இரண்டு ஆண்டுகள் கழித்து ஐசக் பாரோ எளிய வழி ஒன்றைக் காட்டினார். பின்னத்தை இரண்டாக உடைக்கும் அதே வழி!

விடையின் உருவம் முதலில் தெரிந்தது. காரணம் பிறகுதான் கிடைத்தது. மேதைகளுக்கே அது சட்டென்று தோன்றவில்லை. புத்தகத்தில் இருக்கும் அந்த இரண்டு வரிகள், விடை தெரிந்த பிறகு போட்ட குறுக்குவழி.

பெற்றோர்களே, பிள்ளை கணக்கோடு மல்லுக்கட்டும்போது "விடை வந்துச்சா?" என்று கேட்காதீர்கள். "எந்தெந்த வழியில போய்ப் பார்த்தே?" என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத் தெரிந்த பிள்ளைக்குக் கணக்கு வராமல் போகாது.