உடம்பு அறியும் உறவு

நாலு பேரோடு பழகி வாழ்பவர்கள் ஒதுங்கி வாழ்பவர்களைவிடச் சராசரியாக அதிக நாள் உயிரோடிருக்கிறார்கள். கடந்த ஐம்பது ஆண்டுகளில் உளவியலும் மருத்துவமும் சேர்ந்து திரும்பத் திரும்பக் கண்ட முடிவு இது. சமூகத்தோடு ஒட்டுறவு குறைந்தவர்களிடம் தற்கொலை கூடுதலாக இருப்பதைப் பிரெஞ்சு சமூகவியலாளர் எமில் துர்கேம் 1897லேயே எழுதியிருந்தார். ஆனால் இதயநோய், சளி, ஆறாத காயம் போன்ற உடல் சார்ந்த தொல்லைகளுக்கும் உறவுக்கும் தொடர்பு இருக்கக்கூடும் என்ற எண்ணம் வலுப்பெற இன்னும் வெகுகாலம் ஆனது.

அதற்கு வழிவகுத்தது அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தின் அலமேடா மாவட்டத்தில் நடந்த ஓர் ஆய்வு. அங்கே 1965இல் 6,928 பேரிடம் திருமணம், நெருங்கிய நண்பர்கள், உறவினர்கள், தேவாலயத் தொடர்பு, சங்க உறுப்பினர் நிலை பற்றியெல்லாம் கேட்டுக் குறித்துக்கொண்டார்கள். அடுத்த ஒன்பது ஆண்டுகளில் யார் யார் இறந்தார்கள் என்று லிசா பெர்க்மன், லியோனார்ட் சைம் ஆகிய இருவரும் கணக்கெடுத்து 1979இல் வெளியிட்டார்கள். உறவுகள் மிகக் குறைவாக இருந்தவர்களின் இறப்பு விகிதம், உறவுகள் மிகுந்தவர்களோடு ஒப்பிட ஆண்களில் 2.3 மடங்காகவும் பெண்களில் 2.8 மடங்காகவும் இருந்தது. புகை, மது, உடல் பருமன், தொடக்கத்தில் இருந்த உடல்நிலை ஆகியவற்றைக் கணக்கில் எடுத்துக் கழித்த பிறகும் வித்தியாசம் மறையவில்லை.

இதைப் போன்ற ஆய்வுகள் பல நாடுகளில் பெருகின. ஜூலியன் ஹோல்ட்-லன்ஸ்டாடும் அவருடைய சகாக்களும் அவற்றில் 148 ஆய்வுகளை ஒன்றாகத் திரட்டி 2010இல் அலசினார்கள். மொத்தம் 3,08,849 பேர். சராசரியாக ஏழரை ஆண்டுக் கண்காணிப்பு. உறவுகள் வலுவாக அமைந்தவர்கள் ஆய்வுக் காலத்தைக் கடந்து உயிரோடிருக்கும் வாய்ப்பு 50 சதவீதம் கூடுதலாக இருந்தது. புகைப்பதை நிறுத்துவதால் கிடைக்கும் பலனோடு வைத்து எண்ணத்தக்க அளவு இது.

சளியை வைத்து ஒரு சோதனை

இந்தக் கணக்குகள் எல்லாவற்றிலும் ஒரு சந்தேகம் மிஞ்சும். ஆள் தொடர்பு இல்லாததால் உடம்பு கெடுகிறதா, அல்லது உடம்பு கெட்டதால் ஆள் தொடர்பு விட்டுப்போகிறதா? நோயாளி வெளியே போவது குறையும். பார்க்க வருபவர்களும் நாளடைவில் குறைவார்கள். எது முன், எது பின் என்று பிரித்தறிய, நோய் எப்போது தொடங்குகிறது என்பது ஆய்வாளர் கையில் இருக்க வேண்டும்.

கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் ஷெல்டன் கோஹன் அதைத்தான் செய்தார். 18 முதல் 55 வயது வரையிலான ஆரோக்கியமான 276 பேரைத் தேர்ந்து, சளிக் கிருமி கலந்த சொட்டு மருந்தை அவர்கள் மூக்கில் விட்டு, சில நாட்கள் தனியாக வைத்துக் கவனித்தார். எல்லோர் மூக்கிலும் கிருமி போனது, ஆனாலும் எல்லோருக்கும் சளி பிடிக்கவில்லை. முன்கூட்டியே அவர்களிடம் பன்னிரண்டு வகை உறவுகளைப் பற்றிக் கேட்டிருந்தார்: கணவன் அல்லது மனைவி, பெற்றோர், மாமனார் மாமியார், பிள்ளைகள், அக்கம்பக்கத்தார், நண்பர்கள், உடன் வேலை செய்பவர்கள், வழிபாட்டுக் குழுவினர் என்று பட்டியல் நீண்டது. இரண்டு வாரத்துக்கு ஒரு முறையாவது பேசிப் பழகினால்தான் அந்த உறவு கணக்கில் சேரும். மூன்று வகைக்கு மேல் இல்லாதவர்களுக்குச் சளி பிடிக்கும் அபாயம், ஆறு அல்லது அதற்கு மேற்பட்ட வகை உள்ளவர்களைவிட 4.2 மடங்கு என்று 1997இல் வெளியான முடிவு சொன்னது. இதில் கவனிக்க வேண்டியது உறவின் பன்மை. ஒரே அலுவலகத்தில் இருபது பேரைத் தெரிந்து வைத்திருப்பதும், வீடு, தெரு, வேலை, கோயில் என்று வெவ்வேறு இடங்களில் மனிதர்கள் இருப்பதும் ஒன்றாகிவிடுவதில்லை.

கசப்பும் காயமும்

உறவு இருந்தால் மட்டும் போதாது, அது எப்படிப்பட்டது என்பதும் முக்கியம். ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஜானிஸ் கீகால்ட்-கிளேசரும் அவருடைய கணவர் ரொனால்ட் கிளேசரும் இதைக் காயம் ஆறும் வேகத்தை வைத்து அளந்தார்கள். மறதிநோய் கண்ட உறவினரைக் கவனித்துவந்த 13 பெண்களுக்கும், அப்படிப்பட்ட பாரம் இல்லாத 13 பெண்களுக்கும் தோலில் ஒரே அளவுள்ள மிகச் சிறிய காயம் ஏற்படுத்தப்பட்டது. பாரம் இல்லாதவர்களுக்கு அது ஆற 39.3 நாள் ஆனது. கவனிப்பில் இருந்தவர்களுக்கு 48.7 நாள். இது 1995இல் வெளிவந்தது.

பத்தாண்டு கழித்து அதே குழு 42 தம்பதிகளை ஆய்வுக்கூடத்தில் இரண்டு முறை தங்கவைத்தது. ஒவ்வொரு முறையும் கையில் சிறு கொப்புளக் காயங்கள் உண்டாக்கப்பட்டன. முதல் முறை ஒருவருக்கொருவர் ஆதரவாகப் பேசும்படியும், அடுத்த முறை தங்களுக்குள் தீராத ஒரு சச்சரவைப் பற்றிப் பேசும்படியும் கேட்டுக்கொண்டார்கள். சச்சரவைப் பேசிய முறை காயம் ஆற ஒரு நாள் கூடுதலாக ஆனது. எப்போதும் கடுமையாகப் பேசிக்கொள்ளும் தம்பதிகளுக்கு, மென்மையாகப் பேசுகிறவர்களின் வேகத்தில் 60 சதவீத வேகத்தில்தான் காயம் ஆறியது.

நல்ல உறவு எதிர்த்திசையில் வேலை செய்வதையும் காண முடிகிறது. ஜேம்ஸ் கோன் 2006இல் வெளியிட்ட ஆய்வில், திருமணமான 16 பெண்களை மூளையைப் படமெடுக்கும் ஸ்கேன் கருவிக்குள் படுக்கவைத்து, லேசான மின்னதிர்ச்சி வரக்கூடும் என்று அவ்வப்போது எச்சரித்தார். தனியாக இருந்தபோது, அச்சத்தோடு தொடர்புள்ள மூளைப் பகுதிகள் சுறுசுறுப்படைந்தன. முன்பின் தெரியாத ஒருவரின் கையைப் பிடித்திருந்தபோது அது ஓரளவு தணிந்தது. கணவரின் கையைப் பிடித்திருந்தபோது இன்னும் நன்றாகத் தணிந்தது. மணவாழ்க்கையில் நிறைவு கூடியவர்களிடம் தணிவும் கூடுதலாகத் தெரிந்தது.

உள்ளே நடப்பது

உறவு உடம்பைத் தொடுவதற்கு இரண்டு பாதைகள் உண்டு. ஒன்று வெளிப்படையானது. வீட்டில் ஓர் ஆள் இருந்தால், மாத்திரை போட்டாயா என்று கேட்பார். நெஞ்சு வலித்தால் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவார். நேரத்துக்குச் சாப்பிட வைப்பார்.

இன்னொன்று உடம்புக்குள் ஓடுவது. ஆபத்து என்று மூளை உணர்ந்ததும் அட்ரினல் சுரப்பி கார்டிசால் முதலிய ஹார்மோன்களைச் சுரக்கிறது. ரத்த அழுத்தமும் சர்க்கரையும் ஏறி, ஓடவோ எதிர்க்கவோ உடம்பு தயாராகிறது. சிறிது நேரத்துக்கு இது நல்லது. நாள்கணக்கில் நீடித்தால் நோய் எதிர்ப்பு அமைப்பின் ஒழுங்கு குலைகிறது. சச்சரவு செய்த தம்பதிகளிடம் இது நேரடியாகப் பதிவானது. காயத்தை ஆற்ற வர வேண்டிய அழற்சிப் புரதங்கள் காயத்தின் அருகே குறைந்திருந்தன. கடுமையாகப் பேசிக்கொண்டவர்களின் ரத்தத்திலோ மறுநாள் காலையில் அவை கூடியிருந்தன. வேண்டிய இடத்தில் குறைவு, வேண்டாத இடத்தில் மிகுதி. ரத்தத்தில் அழற்சி நீடித்துத் தங்குவது இதயநோயோடும் முதுமையில் வரும் பல நோய்களோடும் தொடர்புடையது.

தனிமை ஒரு பசி

தனியாக இருப்பதும் தனிமையாக உணர்வதும் வேறு வேறு. முதலாவதை வெளியிலிருந்து எண்ணிவிடலாம். இரண்டாவது, ஒருவர் விரும்பும் உறவுக்கும் அவருக்கு வாய்த்த உறவுக்கும் நடுவே உள்ள தூரம். தனி வீட்டில் நிறைவாக வாழ்பவர் உண்டு. கூட்டுக் குடும்பத்தின் நடுவே ஆளற்றவராக உணர்பவரும் உண்டு. ஹோல்ட்-லன்ஸ்டாடின் 2015ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வில் இரண்டுமே தனித்தனியாக இறப்பு அபாயத்தைக் கூட்டுவதாகத் தெரிந்தது: ஆள் தொடர்பு அற்றிருப்பது 29 சதவீதம், தனிமை உணர்வு 26 சதவீதம்.

சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஜான் கசியோப்போ தனிமையைப் பசி, தாகம் ஆகியவற்றின் வரிசையில் வைத்தார். உணவு வேண்டும் என்று பசி சொல்வதுபோல, மனிதர்கள் வேண்டும் என்று தனிமை சொல்கிறது. கூட்டமாக வாழ்ந்தே பிழைத்த உயிரினத்துக்குக் கூட்டத்தைப் பிரிவது உயிராபத்து. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் நடந்து 2020இல் வெளியான ஒரு சோதனை இந்த ஒப்புமைக்கு வலு சேர்த்தது. 40 பேரை ஒரு நாள் பத்து மணி நேரம் ஆள் தொடர்பின்றியும், வேறொரு நாள் பத்து மணி நேரம் உணவின்றியும் வைத்தார்கள். பட்டினிக்குப் பின் உணவின் படத்தைக் கண்டபோது நடுமூளையின் ஒரு பகுதி எப்படிச் செயல்பட்டதோ, தனிமைக்குப் பின் மனிதர்கள் கூடியிருக்கும் படத்தைக் கண்டபோதும் அது ஏறத்தாழ அப்படியே செயல்பட்டது.

ஆனால் பசிக்கும் தனிமைக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. பசித்தவருக்கு உணவின் மேல் சந்தேகம் வருவதில்லை. நீண்ட நாள் தனிமையில் இருப்பவருக்கோ மற்றவர்கள் மேல் சந்தேகம் வளர்கிறது. தனித்து விடப்பட்ட உயிர் விழிப்போடிருக்க வேண்டும் என்பதால், மூளை சுற்றியிருப்பவர்களின் முகத்தில் அலட்சியத்தையும் வெறுப்பையும் தேடத் தொடங்குகிறது. உறக்கமும் விட்டு விட்டு வருகிறது. யாரோ பதில் வணக்கம் சொல்ல மறந்தால்கூட, அது தன்னை ஒதுக்கியதாகப் படுகிறது. அவர் மேலும் ஒதுங்க, தனிமை மேலும் இறுகுகிறது.

தப்புக் கணக்கு

பிறர் மனத்தைக் குறைத்து மதிப்பிடும் இந்தப் பழக்கம் தனிமையில் வாடாதவர்களிடமும் லேசாக உண்டு. நிக்கலஸ் எப்லியும் ஜூலியானா ஷ்ரோடரும் சிகாகோவின் புறநகர் ரயில் பயணிகளில் சிலரைப் பக்கத்தில் இருக்கும் அந்நியரோடு பேச்சுக் கொடுக்கவும், சிலரைத் தனியாகவே உட்கார்ந்திருக்கவும், சிலரை வழக்கம்போல் போகவும் சொன்னார்கள். பேசினால் பயணம் கசக்கும் என்பதே பொதுவான எதிர்பார்ப்பு. 2014இல் வெளியான முடிவில், பேசியவர்களே பயணத்தை மிகவும் ரசித்திருந்தார்கள்.

எரிக்கா பூத்பியும் சகாக்களும் 2018இல் இன்னொன்றைக் கண்டார்கள். முதல் தடவை சந்தித்துப் பேசிய இருவரில் ஒவ்வொருவரும், தனக்கு மற்றவரைப் பிடித்திருக்கும் அளவுக்கு அவருக்குத் தன்னைப் பிடித்திருக்காது என்றே நினைத்தார்கள். இருவருமே அப்படி நினைத்தால் இருவர் கணக்கும் சரியாக இருக்க முடியாது. ஒரே விடுதியில் சேர்ந்து தங்கிய மாணவர்களிடம் இந்தத் தவறான எண்ணம் பல மாதங்கள் நீடித்தது.

மருந்து எது

தனிமையைப் பொது சுகாதாரப் பிரச்சினையாக அரசுகள் இப்போது நடத்துகின்றன. பிரிட்டன் 2018இல் இதற்கென அமைச்சரை நியமித்தது. ஜப்பான் 2021இல் நியமித்தது. உலக சுகாதார நிறுவனத்தின் ஆணையம் 2025இல் வெளியிட்ட அறிக்கைப்படி உலகில் ஆறு பேரில் ஒருவர் தனிமையால் பாதிக்கப்படுகிறார். ஆண்டுக்குச் சுமார் 8,71,000 இறப்புகள் அதனோடு தொடர்புடையவை. பணக்கார நாட்டு முதியவர்களின் குறை இது என்ற எண்ணத்தையும் அறிக்கை மாற்றுகிறது. பதின்பருவத்தினரிடம் தனிமை மிகுதி. தனிமையை உணர்பவர்கள் அதிக வருமான நாடுகளில் சுமார் 11 சதவீதம், குறைந்த வருமான நாடுகளில் சுமார் 24 சதவீதம்.

இங்கிலாந்தில் மருத்துவர்கள் தனிமையில் இருப்பவர்களைத் தோட்ட வேலைக் குழு, பாட்டுக் குழு, நடைக் குழு போன்றவற்றோடு இணைத்துவிடும் முறை நடப்பில் உள்ளது. ஆட்களை ஓரிடத்தில் கூட்டிவைப்பது தேவைதான். அதோடு வேலை முடிவதில்லை. தனிமையைக் குறைக்கும் முயற்சிகளைக் கசியோப்போவின் குழு 2011இல் ஒப்பிட்டது. பழகும் திறனைக் கற்பிப்பது, ஆதரவு தருவது, சந்திக்கும் வாய்ப்பைப் பெருக்குவது, பிறரைப் பற்றிய தவறான எண்ணங்களைத் திருத்துவது என்ற நான்கில் கடைசி வழியே அதிகப் பலன் தந்தது. தன்னை யாரும் விரும்பமாட்டார்கள் என்ற முடிவை ஒருவர் ஓர் ஊகமாக மட்டும் எடுத்துக்கொண்டு, ஒரு சிறு பேச்சின் மூலம் அதைச் சோதித்துப் பார்க்கப் பழகுவதே இந்தச் சிகிச்சையின் சாரம்.